ஊருக்கே திரும்பி முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை: நமக்கு உண்மையில் என்ன லாபம்?

லிந்தாங் ரோட் பையன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். இப்போது கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கிற வேலை. சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). கெப்போங் பக்கம் அறை வாடகை 550. வேலைக்குப் போய் வருவது மோட்டாரில்.

இப்போது வேறொரு கம்பெனி கூப்பிடுகிறது. முழுக்க வீட்டிலிருந்தே செய்யலாம், ஆபீஸ் பக்கமே தலைகாட்ட வேண்டாம். ஆனால் சம்பளம் 3,200. அம்மா "பேசாமல் ஊருக்கு வந்துடு" என்கிறார். அப்பா காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர், "வீட்டுல உட்கார்ந்து செய்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூட்டாளிகளோ சம்பளம் குறைந்த வேலைக்கு எவனாவது போவானா என்று சிரிக்கிறார்கள்.

கம்பெனிக்கு என்ன மிச்சம், உற்பத்தி கூடுமா குறையுமா என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு அது வேண்டாம். நம்மைப் போல தோட்டப்புற ஊர்களிலிருந்து இப்படி வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்களுக்கு, உங்கள் சொந்த வாழ்க்கைக்கு, என்ன கிடைத்தது?

கேஎல்வாசி

போகாதீங்க தம்பி. கோவிட் முடக்கமான எம்சிஓ காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து வேலை செய்தவன் நான். ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக ஓடினேன். கண்ணில் படுகிறவனுக்குத்தான் பதவி உயர்வு. உங்களுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகியிருக்காது, இப்போதே ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? அம்மா சமையலைத் தவிர ஒரு லாபமும் இல்லை.

சம்பளக்காரி

கேஎல்வாசி சொல்கிற பதவி உயர்வு விஷயம் உண்மைதான், அதை மறுக்கமாட்டேன். மற்றதை மறுக்கிறேன்.

தம்பி, நான் சம்பளக் கணக்கு போடுகிறவள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிற கம்பெனிக்கு சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு போடுகிறேன். எம்சிஓவில் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. முதலில் உங்கள் காசுக் கணக்கை முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

200 வெள்ளி குறைகிறது. அதில் ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு எப்படியும் போகிற காசு, ஆகவே கையில் குறைவது ஏறக்குறைய 178. கம்பெனி உங்களுக்காகப் போடுகிற பங்கு, 5,000 வெள்ளி சம்பளம் வரைக்கும் 13 விழுக்காடு, 442இலிருந்து 416 ஆகும். மாதம் 26 வெள்ளி, வருஷத்துக்கு 312. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அறை வாடகை 550 மொத்தமாக மிச்சம். மோட்டாருக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, அதனால் அதில் உங்களுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. கடைச் சாப்பாடு குறையும். ஆக 200 குறைந்தாலும் நீங்கள் மேலேதான் நிற்பீர்கள். வீட்டுக் கரண்ட் பில் மட்டும் ஏறும். நம் தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கூரைக்கு அடியில் மத்தியானம் ஒரு மணிக்கு ஏர்கோன் இல்லாமல் மனுஷர் உட்கார முடியாது. அந்த பில்லை அம்மா தலையில் கட்டாமல் நீங்களே கட்டுங்கள்.

சரி, காசு போகட்டும். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. கேஎல்லில் இருந்தவரை எனக்கு இந்த ஊரை சனி, ஞாயிறில் மட்டும்தான் தெரியும். வெள்ளி இரவு வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிற ஆளுக்கு ஊரில் எந்தக் காரியமும் ஆகாது. கிளினிக் மூடியிருக்கும், வரி கட்டுகிற ஆபீஸ் மூடியிருக்கும், பேங்க் மூடியிருக்கும். வீட்டுக்குக் கறியும் பழமும் வாங்கிப் போட்டுவிட்டு, தூங்கி எழுந்து திரும்ப வேண்டியதுதான். பெற்றவர்களுக்கு நம்மால் ஆக வேண்டியது எல்லாமே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வரும். அந்தப் பத்து மணிக்கு ஊரில் இருக்க முடிகிறது. எனக்கு இந்த வேலையில் கிடைத்தது அதுதான்.

என் அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். காலை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பசியாறி, எட்டரைக்குக் கணினியைத் திறந்துவிடுவேன். மத்தியான இடைவேளையை அந்த நாள்களில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்று மாற்றிக்கொண்டேன், மேனேஜரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். நான் கேஎல்லில் இருந்தபோது வாடகைக்கார் ஓட்டுகிற ஓர் அங்கிள்தான் அப்பாவைக் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். நல்ல மனுஷர், ஆனால் அடுத்த சவாரிக்கு அவர் ஓட வேண்டும். ஊசியை உருவிய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவசரமாக எழுந்துவிடுவார், வீடு வந்து சேரும்போது சட்டைக் கையெல்லாம் ரத்தம். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவர் அதிகம் பேசமாட்டார், "இன்னிக்கு எவ்வளவு தண்ணி எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்பார். உள்ளே போனதும் முதலில் தராசில் ஏற்றுவார்கள் அல்லவா, முந்தின நாள் அளவுக்கு மேல் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்திருந்தால் தாதிக்கும் எனக்கும் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் அவருடைய பெரிய டம்ளரை எடுத்து ஒளித்துவிட்டு, சாமிக்குப் பால் வைக்கிற சின்ன டம்ளரில் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) ஊற்றிக் கொடுக்கிறேன். அம்மா இருக்கிறார்தான், ஆனால் அம்மாவை ஏமாற்றிவிடுவார். என்னை ஏமாற்ற முடியாது, என் மேசை சமையலறையைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

(இடையில் ஒன்று: வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் என்றால், அவர் வேலை செய்த காலத்தில் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகக் காப்புறுதி கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். தகுதி இருந்தால் செலவை சொக்சோ ஏற்கும். இது தெரியாமலே கைக்காசைக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

அப்புறம் சாவு வீடு. இதை எந்த வேலை விளம்பரத்திலும் நன்மை என்று போடமாட்டார்கள். தோட்டத்தில் நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வரும், மறுநாள் இரண்டு மணிக்கு எடுப்பார்கள். கேஎல்லிலிருந்து லீவு கேட்டால், "நெருங்கிய சொந்தமா?" என்று கேட்பார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை லீவு பாரத்தில் என்ன உறவு என்று எழுதுவது? கடைசியில் கருமக்கிரியைக்குத்தான் போய்த் தலைகாட்டுவோம், அங்கே சாப்பாட்டுப் பந்திதான் மிச்சம் இருக்கும். இப்போது முகத்தைப் பார்த்து, வாய்க்கரிசி போட்டுவிட்டு, வந்து தலை முழுகி, பிற்பகல் மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுகிறேன். ஈரத் தலை திரையில் தெரிந்தால் தெரியட்டும்.

எனக்கென்று என்ன என்று கேட்டால், தூக்கம். பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறேன். கேஎல்லில் இருந்தபோது ஜாமில் போன நேரம் இங்கே தூக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, ஊருக்குப் போனால் தினமும் கேட்பார்களே என்று பயந்தேன். கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

தொல்லை என்னவென்றால், "வீட்டுலதானே இருக்கா" என்ற பேச்சு. ஆபீசில் இருக்கிற ஆளை யாரும் போய்த் தொந்தரவு செய்வதில்லை. வீட்டில் கணினியோடு இருக்கிறவளிடம் எஸ்டிஆர் உதவித்தொகை விண்ணப்பம், வருமான வரி, இபிஎஃப் கணக்கில் கடவுச்சொல் மறந்துவிட்டது, பேரனுக்குப் பள்ளிப் பதிவு, எல்லாம் வரும். குமாஸ்தா என்ற பொருளில் எனக்குத் தாமானில் "கிராணியம்மா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதற்கு ஒரு முடிவு கட்டினேன்: சனிக்கிழமை காலை மட்டும் வாருங்கள். மற்ற நாளில், அதுவும் மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாதம் 7ஆம் தேதி வரைக்கும், கடவுளே வந்தாலும் கதவு திறக்கமாட்டேன். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். 15ஆம் தேதிக்குள் இபிஎஃப், சொக்சோ, வருமான வரிப் பிடித்தம் கட்டியாக வேண்டும். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

பாகான் செராய் அக்கா

சம்பளக்காரி சொன்ன அந்த "வீட்டுலதானே இருக்கா" எனக்கும் உண்டு, ஆனால் என் விஷயத்தில் சொல்வது மாமியார்! வேலை நேரத்தில் துணி காயப்போடச் சொல்வார். நான் ஒரு வேலை செய்தேன்: கழுத்தில் பழைய ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்வேன். அது தொங்கினால் நான் வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம். சிரிக்காதீங்க, பலித்தது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வாசலிலிருந்து நானே கூட்டி வருகிறேன். வேனில் வந்தபோது வீட்டில் வாயே திறக்காத பிள்ளை, மோட்டாரில் என் பின்னால் உட்கார்ந்தால் வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிறான்.

லிந்தாங் ரோட் பையன்

ரொம்ப நன்றி அக்கா. படித்துவிட்டு அம்மாவிடமும் காட்டினேன். மூன்று விஷயம் இன்னும் உறுத்துகிறது.

ஒன்று, எங்கள் பக்கம் இணையம் நம்பலாமா? மழை வந்தால் லைன் போய்விடுகிறது என்று அம்மா சொல்கிறார். இரண்டாவது, அப்பாவுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? மூன்றாவது, புது கம்பெனி அனுப்பிய கடிதத்தை இன்று நன்றாகப் படித்தேன். அதில் என்னை ஊழியர் என்று போடவில்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று போட்டிருக்கிறார்கள். இபிஎஃப், சொக்சோ பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை அவர்கள் கணினியில்தான் வேலை செய்ய வேண்டும், லீவுக்கு அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். இது சரிதானா?

டோவன்பி டெக்னிஷன்

லைன் விஷயம் நான் சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டு முகவரிக்கு ஃபைபர் உண்டா என்று பாருங்கள். உண்டு என்று வந்தாலும், தெருப் பெட்டியில் போர்ட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாம் நிறைந்திருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள், அதனால் வேலையை விடுவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மழையால் ஃபைபர் கெடுவது குறைவு. கெடுப்பது மின்னல். பிற்பகல் இடி இடிக்கும்போது மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைப்பேசி இணையத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கைப்பேசி சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும், இரண்டும் ஒன்றாகப் படுத்துக்கொண்டால் வம்பு. கரண்ட் போனால் மோடம் ஓட ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

சம்பளக்காரி

தம்பி, நான் மேலே போட்ட கணக்கை அடித்துவிடுங்கள். ஊழியர் என்று நினைத்துப் போட்டது அது.

ஒப்பந்தக்காரர் என்றால் கம்பெனி பங்கு என்று ஒன்று கிடையாது. இப்போது நீங்கள் வாங்குவது 3,400, அதோடு கம்பெனி போடுகிற 442, மொத்தம் 3,842. அங்கே 3,200, அவ்வளவுதான். குறைவது 200 இல்லை, மாதம் 642. இதற்கு மேல், சம்பளத்தோடு வருஷ லீவு இல்லை, மருத்துவ லீவு இல்லை, பொது விடுமுறைக்குக் காசு இல்லை. கெப்போங் அறை வாடகை 550 மிச்சம் என்பது இதிலேயே கரைந்துவிட்டது.

சரிதானா என்று கேட்டீர்கள். ஊழியர் ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டாலும், நேரம் அவர்கள் வைக்கிறார்கள், கருவி அவர்கள் கொடுக்கிறார்கள், எப்படிச் செய்வது என்றும் அவர்களே சொல்கிறார்கள் என்றால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும்வரை அந்த ஆளை ஊழியராகவே கருத வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் முன்பே சட்டம் பேசினால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சாதாரணமாகக் கேளுங்கள்: "இபிஎஃப், சொக்சோ உண்டா? என்னை ஊழியராகப் போடுவீர்களா?" போடுகிறோம் என்றால் எழுத்தில் வாங்குங்கள், வேலை இடம் வீடு என்பதையும் சேர்த்து. மழுப்பினால் விட்டுவிடுங்கள். எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை.

ஒப்பந்தம்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால் சம்பளம் கூடக் கேளுங்கள், குறையக் கூடாது. இபிஎஃப்பில் ஐ-சாரான் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இருக்கிறது. நீங்கள் போடுகிற காசுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கும், ஆனால் வருஷத்துக்கு 500 வெள்ளிதான் உச்சம். ஒன்றுமில்லாததற்கு அது நல்லது. 442க்கு அது ஈடாகாது.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது: இப்போது இருக்கிற கம்பெனியிடமே கேட்டீர்களா? அதே சட்டத்தில் 60பி (P), 60கியூ (Q) பிரிவுகள். வேலை செய்கிற இடத்தையோ நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 60 நாளைக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் காரணத்தையும் எழுத வேண்டும். கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை மனதில் வையுங்கள். ஆனால் நீங்கள் செய்வது தொலைபேசியிலும் கணினியிலும் புகார் கேட்கிற வேலை. அதைக் கெப்போங்கிலிருந்து போய்த்தான் செய்ய வேண்டும் என்று காரணம் எழுத அவர்களுக்கே கஷ்டமாக இருக்கும். 3,400 சம்பளத்தோடு சுங்கை சிப்புட்டில் உட்கார வழி இருக்கும்போது 3,200க்கு ஏன் போக வேண்டும்? முழு வாரமும் முடியாது, மாதம் இரண்டு நாள் ஆபீசுக்கு வா என்றாலும் ஒத்துக்கொள்ளலாம். சுங்கை சிப்புட்டில் ஈடிஎஸ் ரயில் நிற்கிறது, ஏறி உட்கார்ந்தால் கேஎல் சென்ட்ரல்.

ஓவர்டைம் பற்றியும் ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருக்கிறவர்களுக்கு ஓவர்டைம் உரிமை உண்டு, வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. வீட்டில் இருப்பதால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிற மெசேஜுக்குப் பதில் சொல்லிப் பழக்கிவிடாதீர்கள். முதல் மாதம் பழக்கினால் கடைசிவரை அதுதான்.

பழைய மண்டோர்

தம்பி, உங்க அப்பா விஷயத்தை என்கிட்ட விடு. நானும் அந்தப் பக்கத்து ஆளுதான். உங்க அப்பாகிட்ட போய் இப்படிக் கேளு: "நீங்க மட்டும் எங்கப்பா போனீங்க வேலைக்கு?" விடியாத நேரத்துல பெரட்டுல (ஆள் கணக்கெடுப்புல) பேர் கொடுத்துட்டு, லயத்துக்குப் பின்னாடி இருக்கிற காட்டுல இறங்கி ரப்பர் மரத்துல பால் வெட்டுனோம். மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துட்டா வீடு. சாயங்காலம் பந்து விளையாட்டு, கோயில், கள்ளுக்கடை. வேலை செய்யிற இடத்துலயே குடியிருந்த சாதி நாமதான், பஸ் ஏறி ஆபீஸ் போனவனா நாம?

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அதையும் சொல்லு. அப்ப வீடு தோட்டத்துது. வேலை போச்சுன்னா வீடும் போச்சு. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப சட்டி பானையோட ரோட்டுக்கு வந்த குடும்பங்களை நாங்க பார்த்தோம். அதனாலதான் அப்ப மந்திரியா இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, தோட்டத் தொழிலாளியே காசு போட்டுத் தோட்டம் வாங்கணும்னு ஊர் ஊரா அலைஞ்சார். உங்க அப்பா இப்ப இருக்கிற வீடு யார் பேர்ல இருக்கு? அவர் பேர்லதானே? அவர் வீட்டுக் கூரைக்கு அடியில உட்கார்ந்து நீ சம்பாதிச்சா அவருக்கு என்ன குறைச்சல்? இதைச் சொல்லிப் பார். மனுஷன் ஒண்ணும் பேசமாட்டார். மறுநாள் உனக்கு மேசை போட இடம் பார்ப்பார்.

கேஎல்வாசி

60 நாள் பதில் சொல்லணும் என்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். நானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். (ஆமாம், நேற்று போகாதே என்று சொன்னவன்தான்.)

லிந்தாங் ரோட் பையன்

அக்கா, புது கம்பெனியிடம் கேட்டேன். "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. இப்போதைய கம்பெனிக்கே விண்ணப்பம் எழுதப் போகிறேன். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் முதலில் கேட்டுவிடலாமா?

சம்பளக்காரி

பேச்சுக்கு வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், விண்ணப்பம் மட்டும் மின்னஞ்சலில் போகட்டும். மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதி முதல், எந்த நேரம் என்று எழுதுங்கள். அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பதை ஒரு வரி போதும், கதை வேண்டாம். வீட்டில் லைன் வேகம் என்ன, லைன் போனால் மாற்று என்ன என்பதை டெக்னிஷன் சொன்ன மாதிரி எழுதினால் அவர்கள் கேட்கப் போகிற முதல் கேள்விக்குப் பதில் முடிந்தது. மாதக் கடைசியில் அனுப்பாதீர்கள், எந்த ஆபீசிலும் அப்போது யாருக்கும் மூளை வேலை செய்யாது. எட்டு, ஒன்பது தேதி வாக்கில் அனுப்புங்கள், அன்றிலிருந்து 60 நாள்.